மூன்று ஆதாரங்களும் இரண்டு முதலைகளும்

முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். "இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்" என்று நாளொன்றுக்கு நூற்றைம்பது தடவை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் எத்தனை வண்டி சில நிமிடங்களில் புறப்பட்டது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்ற அன்று மேலாளர், "இவர் குரலை நம்பி லட்சக்கணக்கான மக்கள் காத்திருந்தார்கள்" என்று பேசினார். சத்தியமான வார்த்தை. அதில் சிலர் இன்னும் காத்திருப்பதாகக் கேள்வி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லும் கணக்கு எதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு கேட்பது உங்களுக்கு நல்லது. ஆனால் இனி வரும் கதையில் ஒரு காகிதம் வரும். அதில் உள்ளதை மட்டும் குறைக்க வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருந்தவர் ஒரே ஒருத்தர்தான். என் அப்பாவின் அப்பா. பட்டாளத்துக்காரர். பெரிய போருக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவர். கூடத்துச் சுவரில் சீருடையோடு படமாக இருந்தார். அந்த மீசையின் முனைக்கொரு பிள்ளை தொங்கி விளையாடலாம். போரில் என்ன செய்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வந்த பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு மரக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார், பலகைகளோடு பலகையாக இருந்தார், போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரே ஒருத்தரிடம், ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்தார். அது என் அத்தை, தாத்தாவின் கடைக்குட்டி மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு அழைத்துவரும் வழியில் மழை பிடித்துக்கொண்டதாம். தாத்தா தன் கோட்டைக் கழற்றி மகளின் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டு நடந்தாராம். "உங்களுக்குக் குளிரலையாப்பா?" என்று அத்தை கேட்டாளாம்.

"போர்ல ஒரு தடவை கேப்டனோட மழைக்கோட்டைத் திருடி, காய்ச்சல்ல கெடந்த ஒரு கோவேறு கழுதைக்குப் போத்தினேன். ஏழு நாள் அடைச்சு வச்சாங்க. இது என் சொந்தக் கோட்டு. உனக்குப் போத்தினா எவன் கேக்கப் போறான்?"

அடுத்த வருஷம் அவர் இல்லை. தன் அப்பா பேசி அத்தைக்கு நினைவில் மிஞ்சியது அவ்வளவுதான், நாலே வாக்கியம். அந்த நாலு வாக்கியத்தை அவள் எண்பத்தொரு வருஷமாகச் சொல்லி வந்தாள். எண்பத்தொரு வருஷமாக ஒருத்தரும் நம்பவில்லை. என் அப்பா, அதாவது அத்தையின் அண்ணன், "பட்டாளத்துக்காரரைப் போய்த் திருடன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?" என்று மேசையில் அடிப்பார். மற்றவர்கள் அடிக்கவில்லை, சிரித்தார்கள். கொஞ்ச காலத்தில் அத்தையும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் சொல்வதையே குறைத்துக்கொண்டாள்.

அந்தக் காலி இடத்தில்தான் நான் புகுந்தேன்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகை நிருபர் எங்கள் பேருந்து நிலையத்தில் வந்து மாட்டிக்கொண்டார். அவர் போக வேண்டிய வண்டியை இன்னும் சில நிமிடங்களில் புறப்படும் என்று நான் நாலு மணி நேரமாக அறிவித்துக்கொண்டிருந்தேன். பாவம், மனுஷன் நொந்துபோய் என் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். தேநீரோடு தாத்தாவையும் கொடுத்தேன். வெள்ளம் புரளும் ஆறு, குண்டடிபட்ட கேப்டன், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நீந்தும் தாத்தா. முதல் குவளை முடிவதற்குள் ஆற்றின் அகலம் கால் மைல் ஆனது, இரண்டாவது குவளையில் அரை மைல். மூன்றாவது குவளை வாங்கியிருக்கக் கூடாது. அப்போதுதான் முதலை வந்தது.

அடுத்த வாரம் ஐந்தாம் பக்கத்தில் அரைப்பக்கக் கட்டுரையாக வந்தது. குடும்பமே வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தியது. என் அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டினான். அத்தை அந்தக் காலத்தில் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் வேறு ஊரில் இருந்தாள். அவளுக்கு மட்டும் யாரும் அனுப்பிவிடாதபடி நான் பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் இந்த ஊருக்கே வந்ததும், அவள் வரும்போதெல்லாம் அண்ணன் வீட்டுச் சட்டத்தைக் கழற்றி ஒளித்துவைத்தேன். வெட்கம் என்று ஒன்று எனக்கும் சிறிய அளவில் உண்டு.

போன மாதம் நகராட்சி ஆவணக் காப்பகத்திலிருந்து அத்தைக்குக் கடிதம் வந்தது. இந்த ஊரிலிருந்து போருக்குப் போன பன்னிரண்டு பேரைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். ஆளுக்கொரு பெரிய பலகை. அதில் தாத்தாவும் ஒருவர். உயிரோடிருக்கும் நேரடி வாரிசு வந்து, எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, "நான் அறிந்தவரை இது உண்மை" என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"மைக்கு, வண்டி புடிடா" என்றாள் அத்தை. எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "எங்கப்பாவைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்."

நானும் உற்சாகமாகக் கிளம்பினேன். ஏதோ படை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று நாலு வரி இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

காப்பகத்தின் வாசிப்பு அறை என்பது உயரமான கூரையும் நீளமான மேசைகளும் கொண்டது. சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: பேனா கூடாது, தின்பண்டம் கூடாது, பேச்சு கூடாது. என்னைப் போன்றவனை உள்ளே விட்டதே தவறு. ஒரு மேசையில் ஒரு வக்கீல் நில வரைபடத்தை விரித்து வைத்து உருப்பெருக்கியால் தடவிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஓர் ஆராய்ச்சி மாணவி. மூலையில் ஒரு பெரியவர் ஐம்பது வருஷத்துப் பழைய செய்தித்தாள் தொகுப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். 

காப்பக அதிகாரி ஓர் அம்மாள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பேசுவது எறும்புக்குக் கூடக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அத்தையோ காது கேட்கும் கருவியைக் கைப்பைக்குள் வைத்திருப்பவள். ஏனென்று கேட்டால், "காதுல வச்சா பேட்டரி தீந்துடுதுடா" என்பாள்.

"பொதுவா இந்த மாதிரி வீரர்களுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கிறதே பெரிசு" என்று கையுறை அம்மாள் கிசுகிசுத்தார். முகமெல்லாம் பூரிப்பு. "உங்க அப்பாவுக்கு மூணு கிடைச்சிருக்கு. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது."

முதல் ஆதாரத்தை மேசையில் வைத்தார். ஐந்தாம் பக்கக் கட்டுரை. ஓரத்தில் முத்திரை, எண், தேதி, கையொப்பம். என் பொய்க்கு என் ஓய்வூதியப் புத்தகத்தைவிட அதிக முத்திரை.

இரண்டாவது, ஒரு பள்ளியின் ஆண்டு மலர். ஏதோ ஓர் ஆசிரியர் அந்தக் கட்டுரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்காகத் திருப்பி எழுதியிருக்கிறார். அதில் இரண்டு முதலை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொன்னது ஒரே ஒரு முதலை! மனிதர்களுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?

மூன்றாவது, வரலாற்று ஆர்வலர் மன்றம் ஒன்று போட்ட சிறு நூல். அவர்கள் ஆண்டு மலரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதில் கேப்டன் தளபதியாகப் பதவி உயர்வு பெற்றிருந்தார். ஆற்றுக்கு மறுகரை இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் ஒரே தாய். அந்தத் தாய் நான், இங்கே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"நாலு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பணும்" என்று கையுறை அம்மாள் பலகையின் மாதிரித் தாளை அத்தையிடம் நீட்டினார். மணி அப்போது மூன்றேகால். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா."

அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தலைப்பு: 'தளபதியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த மாவீரர்'. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"மைக்கு, இதுல கழுதையே இல்லையேடா."

நான் கூரையைப் பார்த்தேன். கூரை நன்றாக இருந்தது.

"ஏம்மா, இதெல்லாம் பேப்பர்லயே வந்திருக்கா?" என்று அத்தை கையுறை அம்மாளிடம் கேட்டாள். அவர் மூன்று விரலைக் காட்டினார். அத்தை அந்த மூன்று விரலையும் எண்ணிப் பார்த்தாள்.

"அப்போ நான்தான் என்னமோ தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஏழு வயசு. மழை வேற. தலையோட கோட்டைப் போத்தியிருந்தாரு. என்னத்தைச் சொன்னாரோ, என் காதுல என்னத்தைக் கேட்டேனோ." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அறுபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. "உங்கப்பாவும் இதைத்தான் சொன்னான். எல்லாரும் இதைத்தான் சொன்னீங்க. எங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்த அறையில் இருந்த ஒரே பேனா, அதிகாரியின் மேசையில் கயிறு கட்டிய பேனா. அத்தை எழுந்து போய் அதைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் நல்லவன் இல்லை. வண்டி வராது என்று தெரிந்தும் கைக்குழந்தைக்காரிகளிடம் சில நிமிடங்கள் என்று சொன்னவன். ஆனால் தன் அப்பா தனக்குச் சொன்ன நாலு வாக்கியத்தை, என் முதலைக்குப் பயந்து, ஒரு கிழவி கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னாலும் முடியவில்லை.

"அத்தை, போடாதீங்க" என்றேன் மெதுவாக.

"என்னது?"

"போடாதீங்க. அது பொய்."

"வாய்க்குள்ளயே முனகாதேடா. சத்தமாச் சொல்லு."

கையுறை அம்மாள் உதட்டின்மேல் விரலை வைத்தார். நான் அத்தையின் காதருகே குனிந்தேன். "அந்தக் கதையை நான்தான் கட்டிவிட்டேன்."

"எதைக் கட்டினே?"

"கதையை!"

"கூரையா?"

"கருவியை எடுத்துக் காதுல வைங்க அத்தை!"

"இரு, பேட்டரி போயிடும். நீ சொல்லு. முப்பது வருஷம் மைக்ல கத்தினவன்தானே, இப்ப என்ன கொள்ளை?"

வேறு வழியில்லை. மூச்சை இழுத்தேன். முப்பத்தொரு வருஷத்துத் தொண்டை தானாகவே திறந்துகொண்டது.

"பயணிகளின் கவனத்துக்கு" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை. "அத்தை! தாத்தா எந்த ஆத்தையும் நீந்தலை! எந்தக் கேப்டனையும் தூக்கலை! முதலையே இல்லை! எல்லாம் நான் அந்த நிருபர்கிட்ட அடிச்சுவிட்ட புளுகு! மத்த ரெண்டு புத்தகமும் அதைப் பாத்து எழுதினது! இதுல ஒரு வரிகூட உண்மை இல்லை!"

குரல் கூரையில் மோதி நாலு பக்கமும் திரும்பி வந்தது. நகரத்தின் மறு எல்லை வரை கேட்டிருக்கும். வக்கீலின் உருப்பெருக்கி வரைபடத்தின் மேல் விழுந்தது. மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, "வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டார். இதை நான் கட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அத்தை பேனாவைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையால் என் தோளில் ஒன்று வைத்தாள். உள்ளே கண்ணாடிக் கூடு, மருந்து டப்பா, ஒரு கொத்துச் சாவி, எல்லாம் இருந்தன.

"களவாணிப் பயலே. என் கழுதையை எடுத்துட்டு முதலையை விட்டிருக்கியே!"

கையுறை அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மூன்று ஆதாரங்களையும் ஒவ்வொன்றாக மூடினார். ஒரு மாத உழைப்பு. "அப்ப பலகையையே எடுக்க வேண்டியதுதான்" என்றார். இப்போது அவரும் சாதாரணக் குரலில்தான் பேசினார், நான் கெடுத்த பிறகு அந்த அறையில் கிசுகிசுப்பதற்கு அர்த்தமில்லை. "ஆதாரமில்லாம எதையும் போட மாட்டோம். பதினொரு பலகை வச்சுக்கிறோம்." அப்புறம் நிமிர்ந்தார். "இவங்க என்னமோ கழுதைன்னாங்களே. என்ன கழுதை?"

அத்தை தயங்கினாள். எண்பத்தொரு வருஷத்துத் தயக்கம். நான் அவள் கையைத் தட்டி, "சொல்லுங்க அத்தை" என்றேன். சொன்னாள். மழை, கோட்டு, ஏழு நாள், நாலு வாக்கியம்.

கையுறை அம்மாள் எழுந்து உள்ளே போனார். ஒரு மெல்லிய கோப்போடு திரும்பி வந்தார்.

"இது ராணுவத்திலேருந்து வந்த அவரோட சொந்தக் கோப்பு. இதுல ஒரே ஒரு தாளைத் தவிர மத்ததெல்லாம் தேதிதான். அந்தத் தாளை நான் வேணும்னே ஒதுக்கி வச்சேன். குடும்பத்துக்குச் சங்கடமா இருக்கும்னு. இது குற்றப்பத்திரிகை."

"படிங்க" என்றாள் அத்தை. கைப்பையைத் திறந்து கருவியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

கையுறை அம்மாள் படித்தார்:

"'கோவேறு கழுதைப் பிரிவின் மேற்படி ஓட்டுநர், அதிகாரியின் கூடாரத்துக்கு வெளியே தொங்கிய மழைக்கோட்டை அனுமதியின்றி எடுத்து, நோயுற்ற விலங்கு எண் நாற்பத்தொன்றின் மேல் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தது காலை ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, ஐயாவுக்குக் கூடாரம் இருக்கிறது, அதற்கு இல்லை என்று பதிலளித்தார். வருந்துகிறாயா என்று கேட்டதற்கு, கோட்டில் சாணி பட்டதற்கு வருந்துகிறேன் என்றார். தண்டனை, இருபத்தொரு நாள் காவல்.'"

சுவரிலிருந்த 'பேச்சு கூடாது' அறிவிப்புக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக மரியாதை கிடைத்தது.

"இருபத்தொண்ணா?" என்றாள் அத்தை. "ஏழுன்னாரே."

"உங்ககிட்டக் கொறச்சுச் சொல்லியிருக்காரு" என்றேன். எங்கள் பரம்பரையிலேயே குறைத்துச் சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

அத்தை தாளைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். கையுறை அம்மாள் தன் கையுறைகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். அத்தை அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். "ஐயாவுக்குக் கூடாரம் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. தோள் குலுங்கி, கண்ணாடி நழுவி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாணவிக்கும். கையுறை அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் முதுகு குலுங்கியது தெரிந்தது.

வக்கீல்தான் குறுக்கிட்டார். "மன்னிக்கணும். எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனா நாலு மணிக்குள்ள நான் நில வழக்கைப் பாக்கணும், இது தெரியாம என்னால பாக்க முடியாது. அந்தக் கழுதை பொழச்சுதா இல்லையா?"

எல்லோரும் கையுறை அம்மாளைப் பார்த்தோம்.

"அந்தப் பிரிவோட கால்நடை மருத்துவப் பதிவேடும் ராணுவத்திலேருந்து வந்திருக்கு, ஆனா அது தனிக் கட்டு" என்றார். "விண்ணப்பம் எழுதிக் கொடுத்தா மூணு வேலை நாள்ல எடுத்துத் தருவோம்."

"எனக்கு எண்பத்தெட்டு வயசாகுதும்மா" என்றாள் அத்தை, ரொம்பச் சாதுவாக.

கையுறை அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. ஓடினார். உண்மையாகவே ஓடினார், அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் கழித்து, மூக்கு நுனியில் தூசியோடு, குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு தடித்த பதிவேட்டைத் தூக்கி வந்தார். மாணவியும் வக்கீலும் பக்கங்களைப் புரட்ட உதவினார்கள். தூங்கியவர் நாற்காலியையே இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணு... இதோ." கையுறை அம்மாளின் விரல் ஒரு வரியில் நின்றது. "'கடும் குளிர்க் காய்ச்சல். பிழைப்பது ஐயம்.' இது கோட்டைப் போத்தினதுக்கு முந்தின நாள். இது நாலு நாள் கழிச்சு. 'காய்ச்சல் தணிந்தது. தீனி எடுக்கிறது. பணிக்குத் தகுதி.'"

கைதட்டல் எழுந்தது. நூறு பேர் தட்டியது போல இருந்தது. இருந்தது ஆறு பேர்தான். தூங்கியவர் இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து ஒரு குமாஸ்தா தலையை நீட்டி, என்ன விசேஷம் என்று கேட்டார். "கழுதை பொழச்சுடுச்சு" என்று வக்கீல் சொன்னார். அந்தக் குமாஸ்தாவும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

நாலு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது புதிய வாசகம் தயாரானது. அத்தை சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். நான் ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தேன். "நீ அந்தப் பேனா பக்கமே வராதே" என்றாள் அத்தை. தலைப்பு வைப்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு. 'கருணை உள்ளம் கொண்ட வீரர்' என்று போடலாமா என்று கையுறை அம்மாள் கேட்டார். "அதெல்லாம் வேணாம்மா. என்ன நடந்துச்சோ அதைப் போடுங்க" என்றாள் அத்தை. குற்றப்பத்திரிகையை அப்படியே பெரிதாக்கிப் போட்டு, கீழே அந்த மழை நாளையும் சேர்த்தார்கள். "நான் அறிந்தவரை இது உண்மை" என்ற வரிக்குக் கீழே அத்தை கையெழுத்துப் போட்டாள். அவசரப்படவே இல்லை. அச்சகத்துக்காரர் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். நிற்கட்டும்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் அத்தை உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறதோ என்று பயந்தேன்.

"உங்க அண்ணனுக்குப் போனைப் போடு."

"வீட்டுக்குப் போயிப் பேசலாமே அத்தை."

"போடுடா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வை."

போட்டேன். அண்ணன் எடுத்ததும் அத்தை கைபேசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பெரியவனே, அத்தை பேசறேன். உக்காந்திருக்கியா? அப்ப சரி. கேட்டுக்கோ. உங்க தாத்தா திருடர்தான். இருபத்தொரு நாள் உள்ள இருந்திருக்காரு. எழுத்துல இருக்கு, முத்திரையோட." படியேறி வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று அவளைப் பார்த்தார்கள். அத்தை அவர்களுக்கும் சேர்த்துக் குரலை உயர்த்தினாள். "ஆமாண்டா, சிரிக்கலை, நிஜம்! வெள்ளிக்கிழமை பலகை வைக்கிறாங்க. பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து சேரு. இரு, வச்சுடாதே, உன் பொண்டாட்டிகிட்டக் குடு, அவகிட்டயும் நானே சொல்றேன்."